இருபத்துநாலு ஈட்டிக்காரர்கள்

இதைப் படித்துவிட்டு யாரும் என்னை டாக்டரிடம் போகச் சொல்ல வேண்டாம். போய்விட்டு வந்துவிட்டேன். கண் சரி, காது சரி, மண்டையைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு அதுவும் சரி என்றார்கள். தூக்கம் போதவில்லையாம். பதினாறு வருடமாக இரவு ஷிஃப்ட் பார்க்கிறவனுக்குத் தூக்கம் போதவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு டாக்டர் எதற்கு?

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மணி நிமிடத்தோடு எழுதுகிறேன். என் கட்டிலுக்கு எதிரே சிவப்பு எண்கள் எரியும் கடிகாரம் இருக்கிறது. அந்த இருபத்துநாலு நாளும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பேய்க்குப் பயப்படுகிற வீட்டில் நான் வளரவில்லை. அப்பா லாரியில் மூட்டை இறக்கினார். அம்மா கட்டட வேலையில் ஜல்லி சுமந்தாள். படுத்தால் பேயே வந்து உலுக்கினாலும் எழுந்திருக்க மாட்டார்கள், அவ்வளவு அசதி. பாதி இறக்கிய லாரிக்குக் கூலி கிடையாது. அப்பா எனக்குச் சொல்லித்தந்தது அது ஒன்றுதான். அதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

எனக்கு வேலை குளிர்கிடங்கில் பெட்டி அடுக்குவது. பொழுதுபோக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். பொம்மை. கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் போர்வீரர்கள். கை தனி, கால் தனி, தலை தனி என்று பெட்டியில் வரும். வெட்டி, ஒட்டி, சாம்பல் நிறத்தில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்து, ஊசி மாதிரி இருக்கிற பிரஷ்ஷால் பெயிண்ட் அடிக்க வேண்டும். பிறகு பெரிய மேசையில் படை படையாக நிறுத்தி, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து சண்டை போடுவோம். சைக்கிள் கடை மாடியில் ஞாயிறுதோறும் ஏழு பேர். ஏழு பேருமே உடம்பால் பிழைக்கிறவர்கள். ராத்திரி முழுக்க டன் கணக்கில் தூக்குகிறவன், எடையே இல்லாத ஒன்றை இரண்டு விரலில் பிடிக்கும்போது வருகிற நிம்மதி அவனுக்குத்தான் தெரியும்.

இந்தப் பைத்தியம் பிடித்த எல்லோருக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடங்குவது. எனக்கு அது முற்றிப்போயிருந்தது. என் மேசையில் அப்போது பதினொரு வேலைகள் கிடந்தன. குதிரைகளுக்கு மட்டும் பெயிண்ட் அடித்து, மேலே உட்கார்ந்திருந்தவர்களை மறந்துபோன குதிரைப்படை. கால்சட்டை வரை வந்து நின்றுவிட்ட கடற்கொள்ளையர்கள். சக்கரம் ஒட்டாத மூன்று பீரங்கி. இடிந்த மாதிரி செய்யத் தொடங்கி, நிஜமாகவே இடிந்துபோன ஒரு கோட்டை.

என் மனைவி தையல் ஆலையில் காலர் பிரிவில் இருக்கிறாள். அவள் சொல்வாள்: "நான் அங்க ஒரு நாளைக்கு நூத்தி இருபது காலர் முடிச்சுக் குடுக்கணும். நீங்க இந்தத் திருடனுங்களுக்கு ஒரு வருஷமா சட்டை போட்டு விடலை. குளிர்ல நடுங்கறானுங்க பாருங்க."

நானும் சிரித்துக்கொள்வேன்.

எங்கள் ஏழு பேரில் மூத்தவரை ஒட்டடை என்று கூப்பிடுவோம். ஆறடி இரண்டங்குல உயரம், ஒட்டடைக் குச்சி மாதிரி உடம்பு. எனக்கு மட்டும் அண்ணன். குளிர்கிடங்கில் என்னைச் சேர்த்துவிட்டதே அவர்தான். பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

அவருக்கென்று சில பழக்கங்கள் இருந்தன. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் எல்லோரும் பொம்மைக்குக் கண்ணைக் கடைசியில் வைப்போம். அவர் முதலில் வைப்பார். "கண்ணு இல்லாதவனுக்கு எதுக்குடா கோட்டு? முதல்ல அவன் யாருன்னு தெரியட்டும்" என்பார். பிரஷ் முனை பிரிந்தால் நாங்கள் துணியில் துடைப்போம். அவர் உதட்டில் வைத்து உறிஞ்சிக் கூராக்குவார். "பெயிண்ட தின்னே சாகப்போறீங்கண்ணே" என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்புறம், பிரஷ்ஷைக் கழுவியதும் கண்ணாடி டம்ளரின் விளிம்பில் மூன்று தட்டு தட்டுவார். இரண்டு சட்டென்று. மூன்றாவது கொஞ்சம் தாமதித்து.

டிங், டிங்… டிங்.

ஒன்பது வருடமாக அவர் ஒரே ஒரு படையைத்தான் செய்துகொண்டிருந்தார். நீலக் கோட்டுப் படை. அந்த நீலம் கடையில் கிடைக்காது. நான்கு பெயிண்ட்டைக் கலந்து அவரே செய்தது. முந்நூறு பேரில் இருநூற்று எழுபத்தாறு பேர் முடிந்துவிட்டார்கள். பாக்கி இருந்தது இருபத்துநாலு ஈட்டிக்காரர்கள். அவர்களும் முடிந்தால் முழுப் படையையும் இறக்கி ஒரே ஒரு பெரிய சண்டை. அதுதான் அவர் ஆசை.

அப்போதுதான் அவர் நுரையீரல் கெட்டது. அதற்குக் கொடுத்த மருந்தில் கை நடுங்க ஆரம்பித்தது. டீ டம்ளரைப் பிடிக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது.

எங்கள் மாடியில் ஒரு விதி உண்டு. பெயிண்ட் அடிக்காத பொம்மை மேசைக்கு வரக்கூடாது. சைக்கிள் கடைக்காரர் அவரிடம் சொன்னார்: "உங்களுக்கு மட்டும் விட்டுடலாம். அப்படியே சாம்பலா இறக்குங்க. யாரு கேக்கப் போறாங்க?"

அண்ணன் சுவரைக் காட்டினார். அந்த விதியை அட்டையில் எழுதி ஒட்டியதே அவர்தான். "நான் ஒட்டினத நானே கிழிக்கிறதா? போய்யா."

பிறகு ஒரு ஷூ டப்பாவை என் மடியில் வைத்தார். உள்ளே இருபத்துநாலு பேர், சாம்பல் நிறத்தில். கூடவே அவருடைய நீலம், ஒரு சின்ன பாட்டிலில் கழுத்துவரை.

"நீ அடிச்சுக் குடு. தொடங்கறதெல்லாம் அழகாத்தான் தொடங்கற. இத ஒண்ண மட்டும் முடிச்சிரு தம்பி."

"ரெண்டே வாரம்ணே."

ஏழு மாதம் ஆனது.

காரணம் கேட்டால் என்னிடம் ஒன்றும் இல்லை. டப்பாவை மேசைக்கு அடியில் வைத்தேன். இந்தக் குதிரைப்படையை முடித்துவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு பீரங்கி. பிறகு கோட்டை. அவர் இரண்டாவது முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்த வாரம், நான் கடைக்குப் போய் ஒரு டிராகன் வாங்கினேன். பன்னிரண்டாவது வேலை. ஒரு இறக்கைக்குப் பச்சை அடித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனேன். மூக்கில் குழாய். ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. அண்ணி பக்கத்தில் நின்று போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்று அண்ணன் கேட்டார்.

"முடிச்சிட்டேண்ணே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபின் திருப்பி வாங்க முடியவில்லை.

"போட்டோ அனுப்பு. பாக்கணும்."

வீட்டுக்கு ஓடினேன். ஆறு பொம்மைகளை எடுத்து, கையில் கிடைத்த ஏதோ ஒரு நீலத்தை முன்பக்கம் மட்டும் அப்பினேன். முதுகெல்லாம் சாம்பல்தான். அந்த ஆறையும் முன்வரிசையில் நிறுத்தி, பதினெட்டைப் பின்னால் தள்ளி, பின்வரிசை மங்கலாகத் தெரிகிற மாதிரி போனைக் கிட்டே வைத்துப் படம் எடுத்தேன். இந்த வேலை தெரிந்தவனுக்குத்தான் இப்படி ஏமாற்றத் தெரியும்.

7.32க்கு அனுப்பினேன்.

7.40க்குப் பதில் வந்தது. ஒரே சொல்.

"கண்ணு?"

அவசரத்தில் கண் வைக்க மறந்துவிட்டேன். ஆறு பேருக்குமே கண் இல்லை.

நான் பதில் போடவில்லை. நான் படித்துவிட்டேன் என்பது மட்டும் அவர் போனில் தெரிந்திருக்கும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஷிஃப்ட்டுக்குப் போனேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு அவருக்கு நினைவு தப்பியது.

இனிமேல்தான் விஷயம்.

எனக்கு இரவு என்பது பகல்தான். காலை ஏழுக்கு வீடு வருவேன். மனைவி எட்டரைக்குக் கிளம்புவாள். ஜன்னலில் தடித்த கறுப்புத் துணி அடித்திருக்கிறேன். கதவைச் சாத்தினால் உச்சிவெயிலிலும் அறைக்குள் கும்மிருட்டு. கட்டிலுக்கு நாலடி தள்ளி என் பெயிண்ட் மேசை. எனக்கும் உலகத்துக்கும் நடுவில் அந்தச் சிவப்பு எண்கள் மட்டும்தான்.

அந்தப் புதன்கிழமை மதியம் ஏதோ சத்தம் கேட்டு விழித்தேன்.

2.10.

கண்ணாடியில் எதுவோ தட்டுகிற சத்தம். லேசாக. பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று புரண்டு படுத்தேன்.

மறுநாளும் அதே சத்தம். அதே 2.10.

அதற்கு மறுநாளும்.

எழுந்து பார்க்கவில்லை. அசதி ஒரு பக்கம். உண்மையைச் சொல்கிறேன், இன்னொரு காரணமும் இருந்தது. அந்த மேசைப் பக்கம் திரும்பவே எனக்குக் கூசியது.

ஆஸ்பத்திரிக்கும் நான் போகவில்லை. தினமும் சாயங்காலம் அண்ணிக்குப் போன் மட்டும் பண்ணுவேன். "அப்படியேதான் இருக்கார் தம்பி" என்பார். "கண்ணு முழிச்சாரா?" என்று கேட்பேன். "இல்ல" என்பார். எனக்குள் ஒரு நிம்மதி பரவும். மயக்கத்தில் இருக்கும்வரை பொய் பிடிபடாது. அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்த மனுஷன்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வாரம் போனபிறகு மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்த மேசை லைட்ட எதுக்கு அவ்ளோ மேல தூக்கி வெச்சிருக்கீங்க? உள்ள வந்தா கண்ணுல அடிக்குது."

பார்த்தேன். மடக்கு விளக்கு. நான் குள்ளம், எப்போதும் தாழ்த்தித்தான் வைப்பேன். இப்போது அதன் கழுத்து முழுதும் நிமிர்ந்து நின்றது. என்னைவிட ஒரு அடி உயரமானவன் உட்கார்ந்தால் சரியாக இருக்கும்.

தாழ்த்தி வைத்தேன்.

மறுநாள் மறுபடியும் நிமிர்ந்திருந்தது.

"நீ தூக்கினியா?"

"ஆமா. ராத்திரி ஓவர்டைம் பாத்துட்டு வந்து உங்க பொம்மைங்களுக்கு மை தீட்டறேன். போங்க, தலைக்குத் துணிய போட்டுட்டுத் தூங்குங்க."

ஞாயிற்றுக்கிழமை நான் சைக்கிள் கடை மாடியில் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள்: "மத்தியானம் அந்த ரூமுக்குள்ள ஏதோ சத்தம். எலி வந்திருச்சு போல. டிங்கு டிங்குன்னு."

எலி டிங்கு டிங்கு என்று சத்தம் போடுமா என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். என் பிரஷ்களை நான் ஒழுங்காக வைப்பவன் இல்லை. முனை பிய்ந்து துடைப்பம் மாதிரி இருக்கும். அதில் ஒன்று, மிகச் சின்னது, தினமும் மேசை ஓரத்தில் தனியாகக் கிடந்தது. முனை ஊசி மாதிரி கூராக. துணியில் துடைத்தால் அப்படி வராது.

தொட்டுப் பார்த்தேன்.

ஈரமாக இருந்தது. தண்ணீர் ஈரம் இல்லை. கொஞ்சம் பிசுபிசுப்பு.

இருபதாவது நாள், திங்கட்கிழமை காலை 8.50. மனைவி போய்விட்டாள். படுக்கப் போனவன் குனிந்து ஷூ டப்பாவை இழுத்தேன். ஏன் அன்றைக்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. அன்றாவது ஒரு பொம்மையைத் தொடங்கலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

மூடியைத் திறந்தேன்.

பத்தொன்பது பேர் என்னைப் பார்த்தார்கள்.

கண். ஒவ்வொருவருக்கும் கண். வெள்ளை, அதன் நடுவில் கடுகில் பாதி கறுப்பு. நீலக் கோட்டு. பட்டன் ஒவ்வொன்றும் தனித்தனியாக. பூட்ஸில் சேறு. நான் அப்பிய ஆறு பேர் மேலும் என் அவசர நீலம் ஒரு பொட்டுகூட இல்லை. சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து அடித்திருந்தது.

ஓரத்தில் ஐந்து பேர் மட்டும் சாம்பலாக நின்றார்கள்.

பாட்டிலை எடுத்து விளக்கில் பிடித்தேன். கழுத்துவரை இருந்த நீலம் அடியில் ஒரு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது.

மனைவிக்குப் போன் பண்ணவில்லை. பண்ணி என்ன சொல்ல? டப்பாவை மேசை மேல் வைத்தேன். கட்டிலில் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்து, விழித்துக்கொண்டே கிடந்தேன்.

12.00.

1.15. தெருவில் ஒரு வண்டி போனது.

2.05. குழாய் சொட்டுகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

2.09.

2.10.

நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு ஆள் உட்கார்ந்தால் வருகிற சத்தம்.

விளக்கு தானாக எரிந்தது. அதன் கழுத்து மெதுவாக நிமிர்ந்தது… கிர்… கிர்… கிர்…

நாற்காலியில் யாரும் இல்லை.

டம்ளரில் சுத்தமான தண்ணீர் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு நீல இழை தோன்றியது. சுழன்றது. விரிந்தது. தண்ணீர் முழுதும் நீலமானது.

டிங், டிங்… டிங்.

பிறகு அந்தச் சத்தம்.

ப்ச்.

உதட்டில் பிரஷ்ஷை வைத்து உறிஞ்சுகிற சத்தம்.

ப்ச்.

நான் கத்தவில்லை. கத்த முடியவில்லை. போர்வையை வாயில் திணித்துக்கொண்டேன். என் வாயில் வந்தது சாமி பெயர் இல்லை. "மன்னிச்சிருங்கண்ணே." அதுதான் வந்தது.

சத்தம் ஒரு நொடி நின்றது.

மறுபடி தொடங்கியது. கேட்டது, ஆனால் வேலை இருக்கிறது என்பது மாதிரி.

அன்று சாயங்காலம் மனைவி டப்பாவைப் பார்த்தாள். கையில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடேயப்பா. எப்போ அடிச்சீங்க இதெல்லாம்? பட்டனு கூட விடல. அவர் கண்ணு முழிச்சதும் முதல்ல இதக் காட்டுங்க. எவ்ளோ சந்தோஷப்படுவார்."

நான் இல்லை என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டிலேயே இருக்கவில்லை. பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வந்து பார்த்தால் இருபத்தொன்று.

புதன், இருபத்திரண்டு.

வியாழன், இருபத்துமூன்று.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்று நாளும் நான் பிரஷ்ஷை எடுத்து ஒரு பொம்மையாவது அடித்திருக்கலாம். செய்யவில்லை. பயம் என்று சொல்லிக்கொண்டேன். பாதி பயம்தான். மீதி… யாரோ செய்கிறார்கள், முடிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். ஏழு மாதம் இருந்த அதே மனசு.

வெள்ளிக்கிழமை எங்கும் போகவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

2.10. நாற்காலி.

விளக்கு. தண்ணீர். பிரஷ்.

கடைசிப் பொம்மை ஒரு கார்க் மூடியின் மேல் நின்றது. என் கண் முன்னால் அதன் கோட்டு நீலமானது. அடுத்து பெல்ட். பட்டன். பூட்ஸ்.

கண் மட்டும் வைக்கவில்லை.

எப்போதும் முதலில் வைக்கிறவர். இன்றைக்கு வைக்கவில்லை.

2.31.

சத்தம் நின்றது.

பிரஷ் மேசை ஓரத்தில் கிடந்தது. முனை கூராக. என் பக்கம் திரும்பி.

பிறகு விளக்கின் கழுத்து மடிந்தது. கிர்… கிர்… தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது.

என் உயரத்துக்கு வந்து நின்றது.

நான் எழுந்தேன். நாலடி. நாலு கிலோமீட்டர் மாதிரி இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சூடாக இருந்தது.

பிரஷ்ஷை எடுத்து வெள்ளை பெயிண்ட்டில் தொட்டேன். கை நடுங்கியது. அவர் கை நடுங்கிய மாதிரியே. முதல் கண் வைத்தேன். பிரஷ் முனை பிரிந்தது. இரண்டாவது கண். இனி கறுப்பு. ஒரு புள்ளி… இன்னொரு புள்ளி…

கோணலாகப் போய்விட்டது.

வாயில் கசந்தது. அப்போதுதான் தெரிந்தது. பிரஷ் என் உதட்டில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியாது. என் ஆயுசில் நான் அப்படிச் செய்ததில்லை.

"முடிஞ்சிருச்சுண்ணே" என்றேன்.

2.47.

என் காதுக்குப் பக்கத்தில்…

டிங்.

டிங்…

மூன்றாவது வரவில்லை.

காத்திருந்தேன்.

வரவில்லை.

2.58க்குப் போன் அடித்தது. அண்ணி. "போயிட்டார் தம்பி. பதினோரு நிமிஷம் ஆச்சு."

அடுத்த ஞாயிறு, சைக்கிள் கடை மாடியில் முந்நூறு பேரும் மேசையில் இறங்கினார்கள். சண்டையில் நீலக் கோட்டுப் படைதான் ஜெயித்தது. கடைக்காரர் ஈட்டிக்காரர்களைக் குனிந்து பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். "அப்படியே ஒட்டடையோட கைடா. குடுத்த வாக்க காப்பாத்திட்ட." எல்லோரும் கைதட்டினார்கள். நான் நின்றேன். வாங்கிக்கொண்டேன்.

பதினாறு நாள் கழித்து முழுப் படையையும் பெட்டிகளில் அடுக்கி அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி காலிசெய்து வைத்திருந்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் வரிசையாக நிறுத்தினார். ஈட்டிக்காரர்கள் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"தம்பி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணி."

"நினைவு தப்பின அன்னிக்கே டாக்டர் சொல்லிட்டார். இந்த ராத்திரி தாண்டாது, சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்கன்னு. ஆனா இருபத்துநாலு நாள் இருந்தார். எப்படின்னு அவங்களுக்கே புரியல. மூச்சு இழுத்து இழுத்து… பாக்க முடியாது தம்பி. பெட்ல இருக்கறவர் படற பாட்ட பாத்து, போயிருங்க, போயிருங்கன்னு நானே காதுல சொன்னேன். போகல."

நான் அடுத்த ஈட்டிக்காரனைப் பெட்டியிலிருந்து எடுத்தேன்.

"இன்னொண்ணு. தினமும் மத்தியானம் உதடு நீலமாயிரும். ரெண்டு, ரெண்டேகால் இருக்கும். நர்ஸ் ஓடி வருவாங்க, ஆக்சிஜன் குறைஞ்சிருச்சுன்னு. மிஷின்ல பாத்தா எல்லாம் சரியா இருக்கும். கடைசியில பாத்தா, தொடச்சா போயிருது. நான்தான் தொடைப்பேன். என்ன குடுத்தீங்க வாயிலன்னு என்னத் திட்டினாங்க. நான் என்னத்த குடுக்க?"

உள்ளே போய் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து வந்தார்.

"துவைச்சுத் துவைச்சுப் பாத்தேன். போக மாட்டேங்குது."

போகாது. அந்தப் பெயிண்ட் காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. எங்களுக்குத் தெரியும்.

துணி முழுக்கச் சின்னச் சின்ன நீலக் கறைகள். உதட்டளவு. அந்த நீலம் கடையில் கிடைக்காது. நான் எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லை.

"எதையாவது முடிக்காம விட்டுட்டுப் போறோம்னு இருந்தாரோ? உங்கிட்ட ஏதாவது சொன்னாரா தம்பி?"

இருபத்துநாலு பொம்மை. ஒழுங்காக உட்கார்ந்தால் நாலு நாள் வேலை. அவரிடம் பொய் சொன்ன அன்று ராத்திரி லீவு போட்டு உட்கார்ந்து வெறும் கண்ணையாவது வைத்து அனுப்பியிருந்தால்…

"இல்லண்ணி" என்றேன்.

அவர் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். உள்ளே இருபத்துநாலு பேர் வரிசையாக நின்றார்கள். ஒருவன் மட்டும் கோணல் கண்ணோடு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கண் வைத்தது நான்.

மற்ற இருபத்துமூன்று பேரும் நேராக என்னைத்தான் பார்த்தார்கள்.